பரணும் பங்களாவும்: மன்னார்க் கரையின் காவல்மனைகள்

மன்னார்த் தீவின் வடகரையில் எருக்கலம்பிட்டி என்னும் ஊர் உளது. எருக்கலை செழித்த பிட்டி என்று அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். பிட்டியாவது மேடு. ஆயின் அவ்வூருக்குப் புதிதாகச் செல்பவர் மேட்டைத் தேடினால் ஏமாற்றமே அடைவர். மணலும் பனையும் உவர்நிலமுமாகக் கடலோடு கடலாய்க் கிடக்கும் அத்தீவில், ஓராள் உயரத்துக்கு எழுந்த மணற்குவியலும் பிட்டி என்ற பெயருக்கு உரியதாயிற்று. பெருநிலத்தின் கரையும் அத்தகையதே. தெற்கே வெகு தொலைவிற் குதிரைமலை என்று ஒன்று உண்டு. பெயர்தான் மலை, உண்மையில் அது கடலோரத்துச் செம்மண் மேடு.

மலை இல்லாத நாட்டில் தூரத்தைக் காண விரும்புபவன் உயரத்தைத் தானே கட்டிக்கொள்ளல் வேண்டும். அதனால் இக்கரையின் வரலாற்றில் நோக்குமனைகளுக்குத் தனியிடம் உண்டு. முத்துச்சலாபத்தை நோக்கியது ஒன்று. அந்நியக் கப்பலை நோக்கியது ஒன்று. யானையை நோக்கியது ஒன்று. காவலுக்கென்று எழுந்த இம்மனைகளிற் சில, காவல் ஒழிந்த பின்னர் வழிப்போக்கர் காசு கொடுத்துத் தங்கும் மனைகளாயின. காவல்மனை வாடகைமனையாவது எப்பொழுது, வாடகைமனை மறுபடியும் காவல்மனையாவது எப்பொழுது என்னும் இரு வினாக்களுக்கு இக்கரையின் நானூறாண்டுச் செய்திகள் விடை தருகின்றன.

காட்டில் உயர இருந்து காத்தல் தமிழருக்குப் புதிதன்று. குறிஞ்சித் திணையின் தலைமகள் தினைப்புனத்து இதணத்தின் மேலிருந்து கிளி கடிந்தவளே. வள்ளி காத்த புனத்துக்குத்தான் முருகன் முதியவனாய் வந்து நின்றான் என்பது கந்தபுராணம் கேட்ட சிறுவரும் அறிந்த கதை. அவ்விதணத்தின் வழிவந்ததே இன்றும் வன்னிக் காட்டோரங்களிற் சேனைப் பயிர் செய்வோன் மரக்கவட்டிற் கட்டும் பரண். இரவு முழுவதும் அதன் அடியில் தீ எரியும். யானையும் பன்றியும் அணுகாவண்ணம் மேலிருப்பவன் கூவிக்கொண்டிருப்பான். அறுவடை முடிந்ததும் பரண் கைவிடப்படும்; அடுத்த மாரியில் உக்கிப்போகும். பரணை யாரும் வாடகைக்கு விட்டதில்லை. அது ஒருவன் தன் வயிற்றுக்காகத் தான் காத்த இடம். பிறர் பொருளைக் காக்க அரசு கூலிக்கு ஆள் வைத்த பின்னர்தான் காவல்மனை கல்லாலும் மரத்தாலும் நிலைபெற்றது. நிலைபெற்றதனாலேயே காவல் போனபின் எஞ்சியும் நின்றது.

இம்மாற்றத்தைத் தெளிவாகக் காண விரும்புவோர் சிறிது நேரம் ஐக்கிய அமெரிக்காவை நோக்குதல் தகும். அந்நாட்டின் வனச்சேவை 1905ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஐந்தாண்டு கழிந்து, 1910 ஆகத்து மாதம் 20ஆம், 21ஆம் நாட்களில், ஐடகோ, மொன்ரானா மாநிலங்களிற் பெருங்காற்றோடு மூண்ட காட்டுத்தீ இரண்டே நாளில் ஏறத்தாழ முப்பது இலட்சம் ஏக்கர் நிலத்தை எரித்தது. தீயணைக்கச் சென்றோர் பலர் மாண்டனர். தீயைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ள வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னர் வலுப்பெற, மலையுச்சிதோறும் தீக்காவல் மனைகள் எழுந்தன. 1930களில் வேலையற்ற இளைஞரைக் கொண்டு அரசு அமைத்த பொதுப்பணிப் படையும் இவற்றிற் பலவற்றைக் கட்டியது. பதினான்கு அடிச் சதுரத்தில் ஒரே அறை, நாற்புறமும் கண்ணாடிச் சாளரம், நடுவே புகையின் திசையை அளக்கும் ஒஸ்போண் கருவி, ஒரு தொலைபேசி. இடி மின்னல் வேளையில் நிற்பதற்கென்று கால்களிற் கண்ணாடிக் குமிழ் பூட்டிய சிறு முக்காலியும் உண்டு. கோடை முழுவதும் ஒருவர் அங்கே தனித்திருப்பார். யாக் கெரூவாக் என்னும் எழுத்தாளர் 1956ஆம் ஆண்டில் வாசிங்டன் மாநிலத்து மலையொன்றில் 63 நாள் அவ்வாறு இருந்தவர்.

பின்னர் வானூர்தி வந்தது, வானொலி வந்தது, செயற்கைக்கோளும் வந்தது. மலையுச்சிக் காவலர் பெரும்பாலும் வேண்டாதவராயினர். மனைகள் பல இடிந்தன, சில எரிக்கப்பட்டன. எஞ்சியவற்றுள் ஒரு பகுதியை வனச்சேவை இரவொன்றுக்கு இவ்வளவு என்று பொதுமக்களுக்கு வாடகைக்கு விடலாயிற்று. தங்க வருவோர் தண்ணீரையும் படுக்கையையும் தாமே சுமந்து ஏறவேண்டும், மின்விளக்கு இராது, குப்பையைத் தாமே கீழே கொண்டுவரல் வேண்டும். இத்தனை தொல்லைக்கும் மாதக்கணக்கில் முன்னரே பதிவுசெய்து காத்திருப்போர் உளர். தீயை நோக்கக் கட்டிய சாளரத்தினூடாக ஞாயிறு மறைவதை நோக்குவதே அவர் பெறும் பயன். கூலி வாங்கிக்கொண்டு தனித்திருந்த இடத்திற் கூலி கொடுத்துத் தனித்திருக்க மக்கள் முன்வந்தனர் என்பது நகைப்புக்கு இடமாயினும், காவல் முற்றாக ஒழிந்த அமைதிக் காலத்திலன்றி இது நிகழாது என்பது கருதற்பாலது.

மன்னார்க் கரையில் இதே மாற்றம் அமெரிக்கருக்கு வெகு முன்னரே நிகழ்ந்துவிட்டது. அருவியாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அணித்தே அரிப்பு என்னும் ஊர் உண்டு. அங்கே நின்று நோக்கினால் எதிரே முத்துப்பார்கள் கிடக்கும் கடல். போர்த்துக்கேயர் 1560ஆம் ஆண்டில் மன்னாரில் நிலைகொண்டனர். அரிப்பிலும் அவர்கள் ஒரு சிறு கோட்டையை எழுப்பினர். 1658இல் மன்னாரை ஒல்லாந்தர் கைப்பற்றியபோது அதுவும் அவர் வசமாயிற்று. பெருங்கோட்டைகளோடு ஒப்பிட்டால் அது ஒரு காவற்கூடு. இரண்டு கொத்தளங்களுடைய சதுரக் கட்டடம். ஆயின் சலாபம் நடைபெறும் மாசி பங்குனித் திங்களில் இக்கரையின் கண்ணும் செவியும் அதுவே. முத்துக்குளிக்கும் தோணிகள் நள்ளிரவுக்குமுன் நிலக்காற்றிற் பாய் விரித்துப் புறப்பட்டுப் பிற்பகலிற் கடற்காற்றோடு மீளும். புறப்படும் வேளையை அறிவிக்க அரிப்பிலே பீரங்கி முழங்கும்.

இக்கோட்டையை உலகம் அறியச் செய்தவன் காவலனும் அல்லன், வணிகனும் அல்லன். கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் நாட்டிற் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன், தீவன் றற்லண்ட் என்னும் தோழனோடு, சில்லறை வணிகர் போன்று நடித்து 1679 செப்டெம்பரிற் புறப்பட்டான். அநுராதபுரத்தை அடைந்த இருவரும் மல்வத்து ஓயாவின் கரையைப் பற்றிக்கொண்டு யானைக் காட்டினூடே நடந்தனர். சிங்களவர் மல்வத்து ஓயா என்பதைத்தான் தமிழர் அருவியாறு என்பர். ஆறு எங்கு கடலைச் சேருமோ அங்கு கிறித்தவர் ஆட்சி இருக்கும் என்பது அவர்களின் கணக்கு. கணக்குப் பிழைக்கவில்லை. ஒற்றோபர் 18ஆம் நாள், சனிக்கிழமை, மாலை நான்கு மணியளவில் அவர்கள் அரிப்புக் கோட்டையை அடைந்தனர். வீடு என்று சொல்லத்தக்க ஒன்றைக் காணாது காட்டிற் பல இரவு கழித்த அவ்விருவருக்கும் அன்று அக்காவற்கூடு எத்தகைய மாளிகையாய்த் தோன்றியிருக்கும் என்பதை ஊகித்தல் அரிதன்று. மறைந்து வருவோரைக் கண்டு பிடிப்பதற்கும் காவல் உதவும். ஓடி வருவோருக்கு அடைக்கலமாயும் அமையும். நொக்ஸ் 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்ட நூலிலே, இலங்கை மக்கள் தாளிப்பனை ஓலையொன்றையே பயணத்தில் உடன்கொண்டுபோய்க் கூடாரமாக விரித்துக்கொள்வதை வியந்து எழுதியிருக்கிறான். வாடகை கேளாத வீடு அது ஒன்றே.

ஆங்கிலேயர் 1795இல் மன்னாரைக் கைக்கொண்டனர். அதன் பின்னர் அரிப்புக் கோட்டைக்குக் காக்க வேண்டிய பகைவன் இல்லாமற் போனான். பகைவன் போனதும் கோட்டை வாடிவீடாயிற்று. வீதி நெடுகிலும் வாடிவீடு அமைத்து, தங்குவோர் கொடுக்கவேண்டிய கட்டணத்தைத் தாமே வரையறுத்தது ஆங்கில அரசு. ஆங்கிலத்தில் ரெஸ்ட்அவுஸ் எனப்படும் இதற்கு ஈழத்துத் தமிழ் வழங்கிய பெயர் ஆராயத்தக்கது. வாடி என்பது கரையோர மக்களின் சொல். பருவகாலத்தில் மீனவர் கடற்கரையில் ஓலையால் அமைத்து, பருவம் முடியப் பிரித்துப்போகும் குடிலே வாடி. அதனோடு வீடு என்னும் நிலையான பொருளைச் சேர்த்து வாடிவீடு என்றனர். நிலையான சுவருக்குள் நிலையாத இருப்பு என்னும் கருத்தை இதனினும் சுருங்கச் சொல்ல வேறெம் மொழியாலும் இயலுமோ என்பது ஐயமே.

கோட்டைக்குச் சிறிது தூரத்திற் கடலோர மேட்டில் வேறொரு மனையும் எழுந்தது. முதல் ஆங்கிலத் தேசாதிபதியாகிய பிரெடெரிக் நோர்த், முத்துச்சலாபத்தைத் தாமே இருந்து மேற்பார்க்க விரும்பி, 1801க்கும் 1804க்கும் இடையே அதனைக் கட்டுவித்தார். கிரேக்க நாட்டு டோரிக் முறையில் அமைந்த தூண்களால் அதற்கு டோரிக் மாளிகை என்ற பெயர் வந்தது. திட்டமும் நோர்த்துடையதே. செங்கல்லாற் கட்டி முத்துச்சிப்பிச் சுண்ணாம்பு பூசிய அதன் சுவர்கள் சலவைக்கல்லைப் போல ஒளிர்ந்தனவாம். 1807ஆம் ஆண்டில் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட யேம்ஸ் கோர்டினர் என்னும் பாதிரியார் இத்தீவிலே இதனினும் அழகிய கட்டடம் இல்லை என்னும் கருத்துப்பட எழுதினார். அறைகள் சிலவே, சிறியன. மேல்தளமோ விரிந்தது. தங்குவதற்காகவன்றிப் பார்ப்பதற்காகவே கட்டியது என்பதற்கு அதுவே சான்று. இன்று இடிந்த சுவர்களே எஞ்சியுள. சிப்பி விற்ற காசில் எழுந்த மாளிகையைச் சிப்பி தந்த கடலே அரித்துக்கொண்டிருக்கிறது. ஊரார் அதனை அல்லிராணி கோட்டை என்பர். குதிரைமலையில் இருந்து ஆண்டதாகக் கதைகள் கூறும் அல்லி அரசாணிக்கும் தேசாதிபதி நோர்த்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் கடலை நோக்கி உயர்ந்து நிற்கும் பாழ்மனை ஒன்றைக் கண்டால் அதில் ஓர் அரசியை இருத்திப் பார்ப்பது மக்கள் மனத்தின் இயல்பு; நோர்த்தின் பெயர் மறந்துபோனதில் வியப்பில்லை.

மாளிகையில் ஒருவர் இருக்க, கரையிலே பல்லாயிரவர் ஓலைக் குடில்களில் இருந்தனர். கீழக்கரையிலிருந்தும் காயலிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் குளியாளரும் வணிகரும் வந்து குவிவர். நேற்றுப் புதராய்க் கிடந்த மணல் இன்று கடைத்தெருவும் நீதிமன்றமும் மருத்துவமனையும் உள்ள பட்டினமாகும். இரண்டு திங்களிற் பட்டினம் மறைந்து மணல் எஞ்சும். 1905ஆம் ஆண்டிலே சலாபப் பட்டினம் மறிச்சுக்கட்டியில் எழுந்தது. அதற்கு அடுத்த ஆண்டில் அங்கே பணிபுரிந்த இளம் அதிகாரிகளுள் ஒருவர் பிற்காலத்தில் எழுத்தாளராய்ப் புகழ்பெற்ற லெனாட் வூல்வ். அவ்வாண்டிலேயே முத்துப்பார் முழுவதையும் இலண்டனைச் சேர்ந்த முத்துக்குளிப்போர் கம்பனி ஒன்றுக்கு ஆண்டுக்கு மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபா வீதம் இருபது ஆண்டுகளுக்கு அரசு குத்தகைக்குக் கொடுத்தது. 1907க்குப் பின் சிப்பி விளையவில்லை. குத்தகைக் காலம் பாதியும் கழியுமுன்னரே கம்பனி கலைக்கப்பட்டது. வீட்டை வாடகைக்கு விடுவோன் வீடு நாளையும் இருக்கும் என்று அறிவான். கடலை வாடகைக்கு எடுத்தோனுக்கு அவ்வுறுதி இல்லாமற் போயிற்று.

இக்கரையிற் காசு வாங்காத தங்குமனைகளும் இருந்தன என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. பாடல்பெற்ற தலமாகிய திருக்கேதீச்சரத்தின் மடங்கள் அடியார்க்கு இலவசமாய்க் கதவு திறந்தவை. மடு மாதா ஆலயமோ காட்டின் நடுவே உள்ளது. ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து கத்தோலிக்கர் தம் திருச்சொரூபத்தோடு அடைக்கலம் தேடிய காடு அது. ஆகத்துத் திருவிழாவுக்கு இலட்சக்கணக்கில் வருவோர் மரநிழலிற் கூடாரமிட்டும் குடில் அமைத்தும் தங்குவர். காட்டிற் சில நாள் குடியிருத்தலை மன்னார் மக்கள் கற்றுக்கொண்டது உல்லாசப் பயணத்தால் அன்று, யாத்திரையால்.

மறிச்சுக்கட்டிக்குத் தெற்கே மோதரகம் ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு அப்பாலுள்ளது வில்பத்து. மறிச்சுக்கட்டியிற் சலாபம் நடந்த அதே 1905இல்தான் அக்காடு விலங்குகளுக்குப் புகலிடமாகக் காக்கப்படலாயிற்று. 1938 பெப்ரவரியில் அது தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 1,317 சதுரக் கிலோமீற்றர். இலங்கையின் தேசிய வனங்களுள் மிகப் பெரியது. மாரிநீர் தேங்கி நிற்கும் இயற்கைப் பள்ளங்களுக்கு வில்லு என்று பெயர். வில்லுகள் நிறைந்த பற்று ஆதலின் வில்பத்து என்பர். இவ்வனத்தின் உள்ளே பொம்பரிப்பு என்னும் இடத்தில் 1956ஆம் ஆண்டில் அகழ்ந்தபோது முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்டன. ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அவற்றுக்குள்ள ஒப்புமை அறிஞர் பலராற் பேசப்பட்டதே. யானைக் காடு என்று இன்று நாம் கருதுவது ஒருகால் ஊராய் இருந்தது என்பதை அத்தாழிகள் அறிவிக்கின்றன.

வனவிலங்குத் திணைக்களம் இக்காட்டின் வில்லுக் கரைகளிற் சில பங்களாக்களை வைத்து வாடகைக்கு விடுகிறது. அவற்றின் பெயர்களே வரலாறு கூறும். மாணிக்கபொல ஊத்து என்பதில் ஊற்று என்னும் தமிழ்ச்சொல் சிங்களப் பெயரோடு கைகோத்து நிற்கிறது. பணிக்கவில் என்பதிற் பணிக்கரின் நினைவு தொனிக்கிறது. பணிக்கர் என்போர் யானை பிடிப்பதிற் கைதேர்ந்த சோனகர். மான்தோற் கயிறொன்றை யானையின் பின்காலில் மாட்டி அதனை மரத்தோடு பிணிக்கும் அவர் திறமையை எமர்சன் ரெனன்ற் 1859ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் வியந்து கூறினார். யானையைப் பிடித்தோர் பெயரால் வழங்கும் நீர்க்கரையில் இன்று யானையைக் காணக் கட்டணம் செலுத்துகிறோம்.

பங்களாவிலே தங்கும் முறை அமெரிக்கத் தீக்காவல் மனையினதை ஒத்ததே. ஒரு வேறுபாடு உண்டு. அங்கே தனிமை முற்றானது. இங்கே காவலாளன் ஒருவன் இருந்து சமைத்துத் தருவான். அரிசி, பருப்பு, மீன், தேங்காய் முதல் உப்பு ஈறாக எல்லாம் வருவோரே கொண்டுவரல் வேண்டும். ஒன்றை மறந்தால் வாங்கக் கடை இல்லை. காலை ஆறு மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் வனத்துள் வண்டி ஓட்டலாகாது. வழிகாட்டியின்றிச் செல்லலாகாது. குறித்த இடங்களிலன்றி வண்டியை விட்டு இறங்கலாகாது. இரவானதும் விளக்கொளி வட்டத்துக்கு அப்பால் உலகம் இல்லை. விறாந்தையில் இருப்போர் குரலைத் தாழ்த்திக்கொள்வர். தாழ்த்தும்படி ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை. வில்லின் கரையில் மான் கத்தும்; சிறிது பொறுத்துக் குரங்கு கத்தும்; சிறுத்தை எவ்வழி நடக்கிறது என்று காவலாளன் செவியாலேயே காட்டிக்கொடுப்பான். பரணில் இருந்தவன் கற்ற கல்வி இதுவே. வாடகை கொடுத்து வருவோர் அதில் ஓரிரவுப் பாடத்தைக் கேட்டுச் செல்கின்றனர். இடமோ மிகக் குறைவு. விரும்புவோர் மிகப் பலர். முற்காலத்திற் கொழும்புக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்தனர். இப்பொழுது கணினி வழியே பதிந்து காத்திருக்கின்றனர்.

இவ்வாறிருந்த காட்டிற் காவல் மீண்டும் வந்தது. 1985 மே 14ஆம் நாள் அநுராதபுரத்திற் பொதுமக்களைக் கொன்ற விடுதலைப் புலிகள், அன்றே வில்பத்துவிலும் பதினெண்மரைக் கொன்றனர். 1988 இறுதியில் வனம் மூடப்பட்டது. பங்களாக்கள் பாழடைந்தன. உயரமான எந்த இடமும் விலங்கை நோக்கும் இடமாக அன்றி மனிதனை நோக்கும் இடமாயிற்று. அரிப்புக் கோட்டை வாடிவீடாவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. வாடகைமனை காவலரணாவதற்கு ஓரிரவு போதுமாயிருந்தது.

1990 ஒற்றோபரில் வடமாகாண முசுலிம்கள் அனைவரையும் சில நாள் தவணையில் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் பணித்தனர். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் அகன்றோர் ஏறத்தாழ 75,000 பேர் என்பர். எருக்கலம்பிட்டி வெறுமையாயிற்று. தலைமுறை தலைமுறையாகத் தேடிய பொருளை விட்டு, உடுத்த துணியோடு படகேறிய அம்மக்கள் வில்பத்துக் கரையைக் கடந்து கற்பிட்டியில் இறங்கினர். புத்தளத்துக்கு அணித்தே அகதி முகாமிலும், பிறர் காணியில் அமைத்த ஓலைக் குடிலிலும், வாடகை வீட்டிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தோர் அவர்களுட் பலர். எருக்கலம்பிட்டியின் பெயரால் அங்கும் ஒரு குடியிருப்பு உண்டாயிற்று. இரண்டு ஊர்களுக்கும் இடையே கிடந்தது அந்தக் காடு.

இவ்விடத்தில் ஒரு செய்தியை நிறுத்திப் பார்த்தல் வேண்டும். புத்தளத்திலிருந்து எழுவன்குளம், மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை வழியாக மன்னார் செல்லும் பழைய பாதை வில்பத்துவின் மேற்குப் பகுதியினூடே செல்வது. அநுராதபுரத்தையும் மதவாச்சியையும் சுற்றிச் செல்லும் பெருவீதியை நோக்க அது மிகக் குறுகியது. ஊர் திரும்ப விரும்பியோர்க்கு அது வீட்டுக்குச் செல்லும் வழி. வனத்தைப் பேண விரும்பியோர்க்கு அது காட்டின் உடலிற் கீறிய காயம். போர் முடிந்தபின் அப்பாதையைப் பற்றி எழுந்த வழக்கில் இரு தரப்பாரும் தத்தம் நியாயத்தை எடுத்துரைத்தனர். காட்டின் பெருமையை அங்கே ஓரிரவு தங்கியவர் அறிவார் என்பது மெய். ஆயின் ஓரிரவு தங்கி மீள்வதற்குத் தமக்கென வேறொரு வீடு உடையவரே அவ்விரவின் அமைதியைச் சுவைத்தனர் என்பதும் மெய்யே. ஆற்றுக்கு வடக்கே மக்கள் இல்லாதிருந்த காலத்தில் ஊர்க்காணிகளிற் காடு வளர்ந்துவிட்டது. 2012ஆம் ஆண்டில் அக்காட்டின் ஒரு பகுதி வர்த்தமானியில் ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம், குடியேற்றத்துக்காகக் கல்லாற்றில் அழிக்கப்பட்ட ஒதுக்குக் காட்டில் மீண்டும் மரம் நாட்டுமாறு பணித்தது. மரம் பேசாது, ஆதலால் அதற்காகப் பேசுவோர் வேண்டும். இருபது ஆண்டு முகாமில் இருந்தவனும் நீதிமன்றத்தில் அதிகம் பேசியதில்லை.

வனத்தின் வட எல்லையிலுள்ள முள்ளிக்குளத்தின் செய்தியும் இத்தகையதே. அங்கு வாழ்ந்த தமிழ்க் கத்தோலிக்கர் 2007ஆம் ஆண்டிற் படையினரால் வெளியேற்றப்பட்டனர். ஊரிலே கடற்படை தளம் அமைத்தது. அருகே காட்டோரத்தில் ஓலைக் குடில் கட்டி இருந்து பல ஆண்டு போராடிய பின்னர், 2017இல் ஊரின் ஒரு பகுதியே அவர்க்குத் திரும்பக் கிடைத்தது. கரையை நோக்கும் காவல் அங்கே இன்னும் ஒழியவில்லை.

வில்பத்து 2003 மார்ச்சில் ஒருமுறை திறக்கப்பட்டது. 2006 மே 27ஆம் நாள் வனத்துள் நிலக்கண்ணிவெடியிற் சிக்கி எழுவர் இறந்தனர். ஆனையிறவிலிருந்து புறப்படும் இருவரின் பயணத்தை நாவலாக எழுதிய நிகால் த சில்வா அவர்களுள் ஒருவர். தமிழ்ப்பெண் ஒருத்தியும் சிங்களப் படைவீரன் ஒருவனும் வில்பத்துக் காட்டினூடே உயிர்தப்பி நடப்பதாக அந்நாவலிற் காட்டியவர் அவர். வனம் மறுபடியும் மூடப்பட்டு, 2010இல் மீண்டும் திறந்தது. பங்களாக்கள் புதுக்கப்பட்டு வாடகைக்கு வந்தன. எருக்கலம்பிட்டியாரும் சிறிது சிறிதாக மீண்டனர். புத்தளத்திற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் படிப்பையும் தொழிலையும் விட்டு மீள இயலாதோர் அங்கேயே தங்கினர். ஒரே குடும்பத்தில் மூத்தவர் தீவிலும் இளையவர் புத்தளத்திலும் இருப்பது இன்று வழக்கமாகிவிட்டது.

வில்பத்துவிலே பங்களாவில் தங்குவோரை வழிகாட்டி அழைத்துச்சென்று வண்டியை விட்டு இறங்கவிடும் இடங்களுள் ஒன்று குதிரைமலை. பிளினி என்னும் உரோம ஆசிரியர் குறித்த இப்பூரோசு என்னும் துறை இதுவே என்று கருதுவோர் உளர். செம்மண் மேட்டின் விளிம்பில் நின்றால் வடக்கே கரை வளைந்து செல்வது தெரியும். மறிச்சுக்கட்டியும் சிலாவத்துறையும் அரிப்பும் அவ்வளைவில் ஒன்றன்பின் ஒன்றாய் உள்ளன. கண்ணுக்கு எட்டாத தொலைவில் மன்னார்த் தீவு. கீழே, 1990இல் படகுகள் தெற்கு நோக்கிச் சென்ற கடல். வழிகாட்டி சிறிது நேரம் பொறுப்பான். பின்பு, ஆறு மணிக்குள் பங்களாவுக்குத் திரும்பவேண்டும் என்று நினைவூட்டுவான்.